பாக்கியவான்களும் பேறுபெற்றோரும்: விவிலியத் தமிழில் ஒரு சொல்லின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

கிறித்தவ மறைநூலில் ‘பேறுபெற்ற நிலை’யைக் குறிக்க இரு வேறு சொற்குடும்பங்கள் வழங்குகின்றன. ஐரோப்பிய மொழிகள் சிலவற்றில் ஒன்றாய்க் கலந்துபோன இவ்விரண்டையும் தமிழ் மொழிபெயர்ப்புகள் பெரும்பாலும் பிரித்தே காத்துள்ளன. பாக்கியவான், பேறுபெற்றோர், ஆசீர்வாதம், முத்திப்பேறு ஆகிய சொற்களின் வழியாக அப்பிரிவையும், செல்வ வாழ்வைக் குறித்த சொற்கள் வறியோருக்கு உரியனவாக மாற்றிக் கூறப்பட்டதன் விளைவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: விவிலிய மொழிபெயர்ப்பு, மலைப்பொழிவு, பாக்கியம், பேறு, ஆசீர்வாதம், தேவசகாயம்.

முன்னுரை

தமிழ்க் கிறித்தவர் இல்லங்களில் ஆசீர்வாதம், ஆசீர், பாக்கியம், பாக்கியநாதன் என்னும் பெயர்கள் பரவலாக வழங்கிவருகின்றன. பெயரிட்டோர் இவற்றை ஏறத்தாழ ஒருபொருட் சொற்களாகவே கருதியிருத்தல் கூடும். எனினும் இப்பெயர்களுக்குப் பின்னே நிற்கும் மூலமொழிச் சொற்கள் இரண்டாகும். எபிரேயத்தில் ‘பாராக்’ என்பது ஒன்று. ‘அஷ்ரே’ என்பது மற்றொன்று. முன்னது ஒருவர் மற்றொருவர்மேல் மொழியும் நல்வாக்கு. பின்னது ஒருவரது நிலையைக் கண்டு, ‘இவர் எத்துணை நற்பேறுடையவர்’ என வியந்து உரைக்கும் சொல். ஒன்று நிகழ்த்துவது, மற்றொன்று நிகழ்ந்ததை அறிவிப்பது.

ஆங்கில விவிலியம் வாசிப்போருக்கு இவ்வேறுபாடு எளிதிற் புலப்படுவதில்லை. 1611ஆம் ஆண்டின் ஜேம்ஸ் மன்னர் மொழிபெயர்ப்பு இரண்டையும் பெரும்பாலும் ‘பிளெஸ்ட்’ என்னும் ஒரே சொல்லால் பெயர்த்தது. சிற்சில இடங்களில் மட்டும் ‘ஹேப்பி’ என்றது. தமிழில் விவிலியம் வாசிப்போர், தாம் அறியாமலே, இவ்வேறுபாட்டை ஒவ்வொரு பக்கத்திலும் கடந்து செல்கின்றனர்.

எபிரேய மூலத்தில் இரு சொற்கள்

‘பாராக்’ என்னும் வினை, முழங்காலைக் குறிக்கும் எபிரேயச் சொல்லோடு எழுத்தொப்புமை உடையது. இரண்டற்கும் பொருள் தொடர்பு உண்டா என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. சொல்லின் ஆட்சி தெளிவானது. தொடக்கநூல் 12ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் பெறும் வாக்கு இச்சொல்லாலேயே அமைகிறது. 27ஆம் அதிகாரத்தில் கண்ணொளி மங்கிய ஈசாக்கு, மூத்தவன் ஏசா என எண்ணி, இளையவன் யாக்கோபுக்கு மொழிந்த வாக்கும் இதுவே. வஞ்சனையால் பெறப்பட்டது என அறிந்த பின்னும் ஈசாக்கு அதனைத் திரும்பப் பெறவில்லை. சொல் சொல்லியவனை விட்டு நீங்கிவிட்டது. இனி அது சேர்ந்தவனிடத்தே நிற்கும் என்பது அக்கதையின் உட்கோள். தமிழ் மரபில் முனிவர் இட்ட சாபத்தையும் அளித்த வரத்தையும் தாமே மீட்க இயலாமை இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

அதே யாக்கோபு பல்லாண்டுகளின் பின் அண்ணனைச் சந்திக்கும் 33ஆம் அதிகாரத்தில், தான் கொண்டுவந்த ஆடுமாடுகளை ஏற்குமாறு இரக்கிறான். அங்கே அக்கொடையைக் குறிக்க எபிரேய மூலம் ‘என் ஆசி’ எனப் பொருள்படும் ‘பாராக்’ குடும்பச் சொல்லையே ஆள்கிறது. கவர்ந்ததைத் திருப்பிக் கொடுப்பவன் போல அவன் பேசுகிறான். தமிழ் மொழிபெயர்ப்பு ‘காணிக்கை’ எனத் தெளிவாகப் பெயர்த்தது. தெளிவு கிடைத்தபோது அச்சிலேடை மறைந்தது.

இச்சொல் கடவுளை நோக்கியும் ஆளப்படுகிறது என்பதே மொழிபெயர்ப்பாளருக்கு நேர்ந்த பெரிய இடர். தொடக்கநூல் 14இல் மெல்கிசேதேக்கு ஆபிராமை வாழ்த்தும்போதும், அடுத்த அடியிலேயே கடவுளைப் போற்றும்போதும் எபிரேயம் ஒரே சொல்லையே வைக்கிறது. ஐக்கிய மொழிபெயர்ப்பு முதலிடத்தில் ‘ஆசீர்வாதம்’ என்றும் இரண்டாமிடத்தில் ‘ஸ்தோத்திரம்’ என்றும் பிரித்தது. 103ஆம் திருப்பாடலின் தொடக்கத்திலும் ஆன்மா கடவுளை ‘ஸ்தோத்திரி’க்கவே ஏவப்படுகிறது, ஆசீர்வதிக்க ஏவப்படவில்லை. காரணம் தமிழ் வாழ்வில் உள்ளது. ஆசி மூத்தோர் இளையோருக்கு வழங்குவது. காலில் விழுபவர் ஆசி பெறுவார். காலில் விழுபவர் ஆசி கூறார். எபிரேயருக்கு எழுதிய திருமுகம் 7ஆம் அதிகாரத்தில், சிறியவர் பெரியவரிடமிருந்தே ஆசி பெறுகிறார் என ஓர் ஐயமற்ற விதி போலக் கூறப்படுகிறது. அவ்விதியை எபிரேயச் சொல்லாட்சி முற்றப் பின்பற்றவில்லை; தமிழ்ச் சொல்லாட்சி பின்பற்றியது.

இச்சொல்லின் விந்தையான ஆட்சி யோபு நூலில் உள்ளது. யோபின் மனைவி, கடவுளைப் பழித்துவிட்டு மடியுமாறு கணவனிடம் கூறும் இடத்தில் எபிரேய மூலத்தில் நிற்பது ‘பாராக்’ என்னும் சொல்லே. கடவுளைப் பழித்தல் என்னும் கருத்தை நேரே எழுத அஞ்சியோர் மங்கலச் சொல்லை இட்டு எழுதினர் என்பர். ‘துஞ்சினார்’ என இறப்பைக் கூறும் மங்கல வழக்கை அறிந்த தமிழருக்கு இது புதிதன்று. தமிழில் அவ்விடம் ‘தூஷித்து’ எனப் பொருள் நோக்கிப் பெயர்க்கப்பட்டுள்ளது.

‘அஷ்ரே’ இவற்றினின்று வேறுபட்டது. எபிரேய மறைநூலில் இது கடவுளைக் குறித்து ஓரிடத்தும் வாராது. மாந்தரைக் குறித்தே வரும். திருப்பாடல் நூல் முழுவதற்கும் முதற்சொல்லாக நிற்பது இதுவே. வாய் திறந்தவுடன் வியப்பு. அதன் பின்னரே அவ்வியப்புக்கு உரியவர் யார் என்னும் விளக்கம். தமிழ்த் தொடரமைப்பில் பயனிலை இறுதியில் நிற்பதால், ஐக்கிய மொழிபெயர்ப்பில் ‘பாக்கியவான்’ என்னும் சொல் இரண்டாம் வசனத்தின் முடிவிலேதான் வருகிறது. கேட்பவர் அம்மனிதனின் ஒழுக்கம் அனைத்தையும் கேட்டு முடித்த பின்னரே அவன் இன்னான் என அறிகிறார். இதனால் வியப்பு முடிபாகிறது. ஒழுக்கம் காரணமாகவும் பாக்கியம் அதன் பயனாகவும் தோன்றுகின்றன. 1995ஆம் ஆண்டின் பொது மொழிபெயர்ப்பு இதனை உணர்ந்தது போலும். ‘நற்பேறு பெற்றவர்’ என்பதை முதலில் நிறுத்தி, அதனை ஒரு வினாவாக்கி, விடையாக எஞ்சியவற்றைக் கூறியது.

கிரேக்கத்தில் தேவர்க்குரிய சொல்

கிறித்து பிறப்பதற்கு முன்னரே எபிரேய மறைநூலைக் கிரேக்கத்தில் பெயர்த்த யூதர், ‘பாராக்’ என்பதற்கு நன்மொழிதல் எனப் பொருள்படும் ‘எவுலோகெயின்’ என்பதையும், ‘அஷ்ரே’ என்பதற்கு ‘மக்காரியோஸ்’ என்பதையும் கொண்டனர். இரண்டாவது தேர்வு துணிவுடையது. ஓமரின் காப்பியங்களில் ‘மக்காரெஸ்’ எனப்படுவோர் தேவர். நோயும் மூப்பும் உழைப்பும் இல்லாதவர். எசியோது பாடிய ‘மக்காரியோர் தீவுகள்’ மாண்ட வீரர் கவலையின்றி வாழுமிடம். பின்னர் இச்சொல், துன்பம் தீண்டாத வாழ்வினரான செல்வரையும், இறந்துபட்டதால் துன்பம் கடந்தோரையும் குறிக்கலாயிற்று. அரிஸ்டாட்டில் தம் நிக்கோமாக்கிய அறநூலின் முதற்பகுதியில் திராய் மன்னன் பிரியாமை எடுத்துக்காட்டுகிறார். மைந்தரையும் நகரையும் இழந்த அவனைப் போன்ற பேரிடருற்றவன் நல்லவனாயினும் ‘மக்காரியோஸ்’ எனப்படான் என்பது அவர் துணிபு. கிரேக்கர் பொதுமனத்தின் துணிபும் அதுவே.

இப்பின்னணியில் மலைப்பொழிவைக் கேட்டல் வேண்டும். மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் ‘மக்காரியோய்’ என்னும் சொல் ஒன்பது முறை அடுத்தடுத்துத் தொடர் முதலில் வருகிறது. அதனைத் தொடர்வோர் யாவர்? ஆவியில் எளியோர், துயருறுவோர், நீதிக்காகப் பசித்திருப்போர், துன்புறுத்தப்படுவோர். அரிஸ்டாட்டில் விலக்கிய பிரியாமே ஏறத்தாழ அப்பட்டியலில் வந்து நிற்கிறான். லூக்கா 6ஆம் அதிகாரத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. அங்கே ‘ஆவியில்’ என்னும் அடை இல்லை, வறியோர் வறியோரே. வாழ்த்துகள் நான்கு, அவற்றிற்கு எதிராகச் செல்வரையும் உண்டு நிறைந்தோரையும் நகைப்போரையும் புகழ் பெற்றோரையும் நோக்கிய ‘ஐயோ’க்கள் நான்கு. வறியோரைக் குறிக்கும் ‘ப்தோகோஸ்’ என்னும் கிரேக்கச் சொல், உழைத்துண்ணும் ஏழையைக் காட்டிலும் கீழ்ப்பட்டு, கையேந்தி நிற்பவனைக் குறிப்பது. நல்குரவு, இரவு, இரவச்சம் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்த வள்ளுவர் கண்ட துன்பநிலை அது. அந்நிலையினரைத் தேவர்க்குரிய சொல்லால் அழைத்தமையே இவ்வுரையின் அதிர்ச்சி.

இவ்வதிர்ச்சியைச் சமன்செய்யும் முயற்சி தொன்மையானது. நீசாவின் கிரகோரியார் எட்டு வாழ்த்துகளையும் ஆன்மா ஏறிச்செல்லும் படிகளாகக் கண்டார். அகுஸ்தீன் அவற்றைத் தூய ஆவியின் ஏழு கொடைகளோடு இணைத்தார். அக்குவினாவின் தோமா மாந்தரின் இறுதிப் பேற்றைக் கடவுளைக் காணும் காட்சியில் நிறுத்தினார். இவை ஆழ்ந்த விளக்கங்களே. எனினும் கையேந்தி நிற்பவன் இவ்வுரைகளில் மெல்ல மெல்ல மறைந்துபோகிறான் என்பதையும் குறிப்பிடாதிருத்தல் இயலாது.

இலத்தீன் விவிலியம் ‘பெனெதிக்துஸ்’, ‘பெயாத்துஸ்’ என இரண்டையும் பிரித்தே காத்தது. லூத்தர் மலைப்பொழிவில் ‘செலிக்’ என்றும் முதல் திருப்பாடலில் ‘வோல் தேம்’ என்றும் எழுதி, ஒரே சொல்லை இரண்டாக்கினார். இத்தகைய மரபுகளில் பயின்றோரே தமிழகத்துக்கு வந்தனர்.

தமிழில் அச்சேறிய சொற்கள்

சீகன்பால்கு பெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் அச்சாகி முற்றுப்பெற்றது. அவர் 1719இல் மறைந்த பின் சூல்ச் எஞ்சிய பழைய ஏற்பாட்டுப் பகுதியை 1728இல் நிறைவுசெய்தார். பப்ரிசியசின் புதிய ஏற்பாடு 1772இல் வெளிவந்தது. இம்முயற்சிகளின் தொடர்ச்சியாகவும் திருத்தமாகவும் பவர் தலைமையிலான குழு உருவாக்கிய ஐக்கிய மொழிபெயர்ப்பு 1871இல் நிறைவுற்றது. சீர்திருத்தத் திருச்சபையினர் இன்றும் பெரிதும் வாசிப்பது இதனையே. கத்தோலிக்கரும் சீர்திருத்தத் திருச்சபையினரும் இணைந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பு 1995இல் ‘திருவிவிலியம்’ என்னும் பெயரில் வெளிவந்தது.

ஐக்கிய மொழிபெயர்ப்பில் ‘மக்காரியோஸ்’ என்பதற்கு நிகர் ‘பாக்கியவான்’. பொது மொழிபெயர்ப்பில் ‘பேறுபெற்றோர்’. ‘எவுலோகெயின்’ முன்னதில் ‘ஆசீர்வதித்தல்’; பின்னதில் ‘ஆசி’. லூக்கா முதல் அதிகாரத்தில் எலிசபெத்து மரியாவை வரவேற்கும் பகுதி இதனை நன்கு காட்டும். 42ஆம் வசனத்தில் கிரேக்கம் ‘எவுலோகெயின்’ குடும்பச் சொல்லை ஆள, தமிழில் ‘ஆசீர்வதிக்கப்பட்டவள்’, ‘ஆசி பெற்றவர்’ என முறையே வருகின்றன. மூன்றே வசனங்கள் கடந்து, நம்பியவள் எனப் போற்றுமிடத்தில் ‘மக்காரியா’ வர, தமிழ் ‘பாக்கியவதி’ என்றும் ‘பேறுபெற்றவர்’ என்றும் மாறுகிறது. ஜேம்ஸ் மன்னர் மொழிபெயர்ப்பில் இரண்டிடத்தும் ஒரே சொல். வயிற்றில் கனியைத் தாங்கியமையால் ஆசி. வாக்கை நம்பியமையால் பேறு. இந்நுண்ணிய வேறுபாட்டைத் தமிழ் வாசகர் மூலநூலுக்கு இணையாகப் பெறுகின்றனர்.

பாக்கியமா, பேறா?

1995க்குப் பின், ‘பேறுபெற்றோர்’ என்னும் தனித்தமிழ்ச் சொல் ‘பாக்கியவான்’ என்னும் வடசொல்லினும் ஏற்புடையது என்னும் கருத்து பரவலாக முன்வைக்கப்படுகிறது. பாக்கியம் முன்வினைப் பயனைச் சுட்டும்; பேறு கடவுளின் கொடையைச் சுட்டும் என்பது அதன் அடிப்படை. இக்கருத்தில் உண்மை உண்டு. எனினும் அது முழுமையன்று.

‘பாக்கியம்’ என்பது பங்கிடுதலைக் குறிக்கும் வடமொழி வேரினின்று பிறந்தது. ஒருவனுக்கென ஒதுக்கப்பட்ட பங்கு என்பதே அதன் முதற்பொருள். ஒதுக்கியது யார் என்னும் வினாவிற்கு இந்தியச் சமயங்கள் பெரும்பாலும் அவனவன் முன்வினை என விடை கூறியமையால், சொல் அவ்விடையோடு சேர்ந்து வழங்கலாயிற்று. வள்ளுவர் ‘ஊழ்’ அதிகாரத்தில் ஆகூழ் எனச் சுட்டுவது இதற்கு அணித்தானது. ‘-வான்’ என்னும் ஈறு உடைமை குறிப்பது. எனவே பாக்கியவான் என்பவன் ஒன்றை உடையவன், அவ்வுடைமை எப்போது வந்தது, எவர் தந்தது என்பதைச் சொல் கூறாது, காலமும் காட்டாது.

‘பேறு’ என்பது ‘பெறு’ என்னும் வினையின் முதனிலை திரிந்த தொழிற்பெயர். பெறுதல் என்றவுடனே கொடுப்பவர் ஒருவர் உள்ளார் என்னும் குறிப்பு எழுகிறது. ‘பெற்றோர்’ இறந்தகால வினையாலணையும் பெயர். இங்கே ஓர் இலக்கணச் சிக்கல் தோன்றுகிறது. மத்தேயுவின் எட்டு வாழ்த்துகளுள் முதலதிலும் எட்டாவதிலும் விண்ணரசு அவர்களுடையது என நிகழ்காலம் வருகிறது. இடைப்பட்ட ஆறிலும் ஆறுதல் பெறுதலும் நிறைவுறுதலும் எதிர்காலத்தில் கூறப்படுகின்றன. இனி வரவேண்டியதைக் காத்திருப்போரை ‘பெற்றோர்’ என இறந்தகாலத்தால் அழைப்பது எங்ஙனம்? விரைவும் மிகுதியும் தெளிவும் பற்றி எதிர்காலத்தை இறந்தகாலத்தால் கூறும் வழக்கைத் தமிழ் இலக்கணம் காலவழுவமைதி என ஏற்கும். சோறு உண்ணப் புறப்படுபவன் ‘இதோ வந்துவிட்டேன்’ என்பது போன்றது அது. பொது மொழிபெயர்ப்பின் சொல் அத்தகைய தெளிவைத் தன்னுள் கொண்டுள்ளது. கிரேக்கத்தில் இல்லாத ஒன்றைத் தமிழ் தந்தது எனலாம்.

ஆயினும் பேறு என்னும் சொல் செல்வ வாழ்வின் நாற்றம் அற்றது எனல் பொருந்தாது. புதுமணமக்களைப் ‘பதினாறும் பெற்று’ வாழுமாறு மூத்தோர் வாழ்த்தும்போது குறிக்கப்படுபவை பதினாறு பேறுகளே. நன்மக்களும் பொன்னும் நெல்லும் நோயின்மையும் நீண்ட வாழ்நாளும் அவற்றுள் அடங்கும். மக்கட்பேறும் மகப்பேறும் குடும்பத்தின் பெருக்கத்தைச் சுட்டுவன. இன்னொருபுறம் வீடுபேறு, முத்திப்பேறு எனச் சைவமும் வைணவமும் இதனை உயர்ந்த ஆன்மிக இலக்குக்கும் வழங்கின. ஆக, பேறு கீழிருந்து மேல்வரை நீண்ட சொல், பாக்கியமும் அத்தகையதே. இரண்டுமே தமிழர் தம் நல்வாழ்வைக் கூறப் பயன்படுத்திய சொற்கள்.

மொழிபெயர்ப்பின் வெற்றி இங்கேதான் உள்ளது. மலைப்பொழிவின் முரண் விளங்கவேண்டுமாயின், வறியோர்மேல் ஏற்றப்படும் சொல் செல்வரது சொல்லாக இருத்தல் இன்றியமையாதது. உலகியல் தீண்டாத தூய சமயச் சொல் ஒன்று இடப்பட்டிருப்பின் முரண் எழாது. ஐக்கிய மொழிபெயர்ப்பின் லூக்கா 6ஆம் அதிகாரம் இதற்குச் சான்று. அங்கே வறியோர் ‘தரித்திரர்’ எனப்படுகின்றனர். தரித்திரம் என்பது தமிழ் வழக்கில் வறுமையை மட்டும் குறிப்பதன்று. வசைச்சொல்லாகவும், வீட்டுவாயிலில் நுழையலாகாத அமங்கலமாகவும் வழங்குவது. அத்தரித்திரரே பாக்கியவான்கள் எனக் கூறப்படுகின்றனர். சில வசனங்கள் கடந்து ‘ஐசுவரியவான்க’ளுக்கு ‘ஐயோ’ கூறப்படுகிறது. பாக்கியவான், ஐசுவரியவான் என்னும் இரு சொற்களும் ஒரே ஈறு பெற்று, ஊரார் வாயில் ஒரே மனிதரைக் குறிப்பன. நிலமும் மாடும் மக்களும் உடைய ஒருவரை ஐசுவரியவான் என்பவர் அடுத்த மூச்சில் பாக்கியவான் என்பார். நற்செய்தி அவ்விரண்டையும் பிரித்து எதிரெதிர்க் கரையில் நிறுத்துகிறது. ‘ஏழைகள்’, ‘செல்வர்கள்’ என வரும் பொது மொழிபெயர்ப்பு நாகரிகமானது. ஆனால் இவ்வோசை மோதல் அதில் இல்லை.

பெண்பாற் சொல் இன்னும் நுட்பமானது. திருமண அழைப்பிதழ்களில் மணமகள் பெயர்முன் ‘சௌபாக்கியவதி’ என எழுதும் வழக்கம் தமிழர் அறிந்தது. கணவனும் பிள்ளைகளும் வாய்த்த வாழ்வே பாக்கியவதியின் இலக்கணம். மரியாவைப் பாக்கியவதி எனும்போது கேட்போர் மனத்தில் தாய்மையே முதலில் எழும். அதே லூக்கா நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தில், கூட்டத்திலிருந்த ஒரு பெண் இயேசுவைச் சுமந்த வயிற்றைப் பேறுடையது எனப் புகழ, அவரோ கடவுளின் வாக்கைக் கேட்டுக் காப்போரே அதனினும் பேறுடையோர் என மாற்றுகிறார். 23ஆம் அதிகாரத்தில் சிலுவை சுமந்து செல்லும் வழியில், பிள்ளை பெறாதோர் பேறுடையோர் எனக் கூறப்படும் நாள்கள் வரும் என அழும் மகளிரிடம் உரைக்கிறார். மலடி பாக்கியவதி ஆகும் நாள் நற்செய்தியில் நல்ல நாளன்று, அழிவின் நாள். எனவே இச்சொல்லை எங்கும் ஒரே இனிமையோடு வாசித்தல் தவறாகும்.

மொழிபெயர்ப்பாளர் தம் சொல்லின் எல்லையை அறிந்திருந்தனர் என்பதற்கு ஒரு சான்று உண்டு. திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகத்தில் இருமுறை கடவுளே ‘மக்காரியோஸ்’ எனப்படுகிறார். ஓமர் காலத்துப் பொருள் அங்கே திரும்பி வருகிறது. ஐக்கிய மொழிபெயர்ப்பு அவ்விடங்களில் ‘பாக்கியவான்’ என எழுதவில்லை. ‘நித்தியானந்த’ என்னும் சொல்லுக்கு மாறியது. பாக்கியம் பங்கிட்டுக் கொடுக்கப்படுவது. கடவுளுக்குப் பங்கிடுபவர் யார்? பாக்கியத்தை வெறும் மகிழ்ச்சி எனக் கருதியிருப்பின் இம்மாற்றம் தேவைப்பட்டிராது.

ஆசீர்வாதத்தின் பெருக்கம்

‘ஆசீர்வாதம்’ என்பது ஆசியை மொழிதல். இலத்தீன் ‘பெனெதிக்சியோ’வும் நன்மொழிதலே. தமிழில் இதற்கு நெடிய மரபு உண்டு. தொல்காப்பியச் செய்யுளியல் புறநிலை வாழ்த்து, வாயுறை வாழ்த்து ஆகியவற்றை வகுத்துரைக்கிறது. வழிபடு தெய்வம் காக்க, செல்வமும் வழிவழிச் சிறப்பும் பெறுமாறு கூறுவது புறநிலை வாழ்த்து. வேம்பு போன்ற கடுஞ்சொல்லும் பின்னர் நன்மை பயக்குமாறு அறிவுறுத்துவது வாயுறை வாழ்த்து. இணைச்சட்டம் 28ஆம் அதிகாரத்தில் நகரும் வயலும் கருவின் கனியும் கால்நடையும் மாவு பிசையும் தொட்டியும் ஆசி பெறும் என அடுக்கப்படுவது முன்னதை ஒத்தது. லூக்காவின் நான்கு வாழ்த்துகளும் நான்கு ‘ஐயோ’க்களும் பின்னதற்கு அணித்தானவை, இவ்வொப்புமையை வகைமை ஒப்புமையாகவே கொள்ளல் வேண்டும்.

அண்மைக்காலத் தமிழ்க் கிறித்தவப் பேச்சில் ‘ஆசீர்வாதம்’ என்னும் சொல் வீடு, வேலை, வெளிநாட்டுப் பயணம், நோய் நீக்கம் ஆகியவற்றைக் குறிக்கும் பொதுச்சொல்லாகிவிட்டது. ‘ஆசீர்வாதமான குடும்பம்’ என்றால் குறை இல்லாத குடும்பம் என்பது பொருள். இதனை முற்றிலும் புறமிருந்து வந்த திரிபு எனல் இயலாது. இணைச்சட்டம் அதற்கு இடம் தருகிறது. நேர்ந்தது வேறொன்று. ‘பாக்கியவான்’ என்னும் சொல் நூறாண்டுகளுக்கும் மேலாகத் திருப்பலியிலும் ஆராதனையிலும் ஒலித்து, மறைநூலுக்கே உரிய சொல்லாய் உறைந்தது. அதன் செல்வ மணம் ஆவியாயிற்று. செல்வத்தைக் கூற வேறு சொல் தேவைப்பட்டபோது ஆசீர்வாதம் அவ்விடத்தை நிரப்பியது. விளைவாக, வறியோர் பாக்கியவான்கள் என்பதையும் செல்வர் ஆசீர்வதிக்கப்பட்டவர் என்பதையும் ஒருவரே ஒரே நாளில் முரண் உணராது கூற இயல்கிறது. காக்கப்பட்ட வேறுபாடு இவ்வாறு எதிர்பாராப் பயன் ஒன்றையும் தந்தது.

முத்திப்பேறு: தேவசகாயம்

கத்தோலிக்கத் திருச்சபையில் ‘பெயாத்துஸ்’ என்பது ஒரு பட்டமும் ஆகும். புனிதர் நிலைக்கு முற்படி அது. பதினேழாம் நூற்றாண்டில் எட்டாம் உர்பன் இவ்வறிவிப்பைத் திருத்தந்தைக்கே உரியதாக்கினார். தமிழில் இப்பட்டம் ‘அருளாளர்’ எனவும் ‘முத்திப்பேறு பெற்றவர்’ எனவும் வழங்கும். மறவ நாட்டில் உயிர்நீத்த அருளானந்தர் 1853இல் இந்நிலை பெற்றார்; இலங்கையில் பணியாற்றிய யோசேப்பு வாஸ் 1995இல் கொழும்பில் பெற்றார். சைவ நூல்களில் பயின்ற ‘முத்தி’யும் பொதுத்தமிழின் ‘பேறு’ம் இணைந்து உரோமைச் சட்டச் சொல் ஒன்றைச் சுமப்பது தமிழ்ச் சொல்வரலாற்றில் கவனத்துக்குரியது.

இப்பட்டம் பெற்றோருள் இக்கட்டுரைப் பொருளுக்கு மிக நெருங்கியவர் தேவசகாயம். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் அரண்மனைப் பணியில் இருந்தவர். 1741இல் குளச்சல் போரில் தோற்றுப் பின் மன்னரின் படைத்தலைவரான ஒல்லாந்தர் தெ லனாய் இவருக்கு நண்பரானார். பிள்ளையின் குடும்பத்துக்கு அடுத்தடுத்துப் பொருளிழப்பு நேர்ந்தது என்றும், தன் ஊழை எண்ணி நொந்திருந்தவரிடம் தெ லனாய் யோபின் கதையை எடுத்துரைத்தார் என்றும் மரபு கூறும். எல்லாம் உடையவனாய் இருந்து எல்லாம் இழந்து, இழப்பு தன் குற்றத்தின் கூலியன்று என வாதாடியவனின் கதை அது. போகூழ் என்னும் விடையை மட்டுமே அறிந்திருந்த ஒருவருக்கு அது புதிய விடையாக இருந்திருத்தல் வேண்டும்.

1745இல் வடக்கன்குளத்தில் அவர் திருமுழுக்குப் பெற்றார். இட்ட பெயர் இலாசர்; ‘கடவுள் துணைநின்றார்’ என்னும் அதன் பொருள் தமிழில் ‘தேவசகாயம்’ ஆயிற்று. லூக்கா 16ஆம் அதிகாரத்தில் செல்வன் வாயிலில் புண்களோடு கிடக்கும் வறியவன் பெயரும் இலாசரே. அதன்பின் அவர் பெற்றது பொன்னும் நெல்லும் அன்று. பணி நீங்கிற்று, சிறை வாய்த்தது, எருமைமேல் ஏற்றி ஊர்தோறும் இழிவுபடுத்தப்பட்டார். 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். உடல் கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கம் செய்யப்பட்டது.

2012 திசம்பர் 2 அன்று அதே கோட்டாறு மறைமாவட்டத்தில் அவர் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார். அப்பட்டம் அவர் பெயரோடு ஏறத்தாழ ஒன்பதரை ஆண்டுகள் நின்றது. 2022 மே 15 அன்று உரோமையில் திருத்தந்தை பிரான்சிசு அவரைப் புனிதர் என அறிவித்தபோது, ‘பேறு பெற்றவர்’ என்னும் அடைமொழி வழக்கப்படி நீக்கப்பட்டது.